துடைத்து வைத்த எட்டு பிளக்குகள்

ஸ்பார்க் பிளக் என்றதும் உங்களுக்கு ஸ்கூட்டரில் இருக்கும் ஒற்றை பிளக்தான் நினைவுக்கு வரும். வண்டி கிளம்பாத காலை நேரத்தில் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டுவோமே, அது. நான் சொல்லப்போவது அதற்குப் பெரியப்பா முறை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ஏறும் சின்ன விமானத்தின் இன்ஜினில் இருப்பது. நாலு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக். மொத்தம் எட்டு. ஒன்று அணைந்தாலும் மற்றது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக இரட்டை. மேலே போன பிறகு ஓரங்கட்டி நிறுத்தி உதைத்துப் பார்க்க முடியாதில்லையா.

நான் வேலை பார்க்கும் ஷெட் ஒரகடத்தில், ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கும் லாரி நிறுத்தும் மைதானத்துக்கும் நடுவில் இருக்கிறது. விமானம் இங்கே வராது. இன்ஜின் மட்டும் மரப்பெட்டியில் ஆணி அடித்து லாரியில் வரும். பார்த்துச் சரிசெய்து அதே பெட்டியில் அனுப்புவோம். வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஏரோப்ளேன் எங்கே நிக்குது?" நான் ஸ்டாண்டில் தொங்கும் இன்ஜினைக் காட்டுவேன். ஒரு சித்தப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம கெணத்து மோட்டாரு இதைவிடப் பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஊர் மண்ணூர். இதற்கு முன் செல்போன் கம்பெனியில் எட்டு வருடம் லைனில் நின்று திருகாணி போட்டேன். லைனை மூடினார்கள். இங்கே ஸ்டோரில் பெட்டி எண்ணும் வேலைக்கு வந்தவள், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டுக் கேட்டே கை வேலைக்கு நகர்ந்தேன். டிப்ளமோ எதுவும் கிடையாது. இன்ஜின் புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, புரியாத சொல்லைப் போனில் தட்டிப் பார்த்துப் படிப்பேன். பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இந்தம்மா புக்கைப் படிக்குதா, புக்கு இந்தம்மாவைப் படிக்குதான்னே தெர்ல." இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் சேர்த்து வைத்துக்கொள்கிறவள். நாலு வருடம் படித்த பிறகு என் கைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. அதில் ஒரு எண் இருக்கும், பெயர் இருக்காது. பிளக் வேலையை நான் தனியாகச் செய்து இன்ஜினோடு போகும் வேலைக் கார்டில் அந்த ஸ்டாம்பைக் குத்தினால், வேறு ஆள் பக்கத்தில் நின்று பார்க்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

பிளக் வேலையில் முக்கியமானது இடம் மாற்றுவது. கழற்றிய துளையிலேயே திருப்பி மாட்டுவதில்லை. கீழே இருக்கும் பிளக்குக்குத்தான் கஷ்டம் அதிகம். எண்ணெய் அங்கேதான் இறங்கும், விமானப் பெட்ரோலில் இருக்கும் ஈயமும் அங்கேதான் மிளகு மிளகாகக் கட்டும். இன்னொன்று, தீப்பொறி தாண்டும் திசை ஒவ்வொரு பிளக்குக்கும் எப்போதும் ஒன்றுதான். அதனால் சிலதில் நடு முனை தேயும், சிலதில் ஓர முனை தேயும். ஆகவே மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் போடுவோம். அதுவும் அதே சிலிண்டரில் இல்லை, தீப்பொறி விழும் வரிசையில் அடுத்த சிலிண்டரில். எங்கள் இன்ஜினுக்கு வரிசை ஒன்று, மூன்று, இரண்டு, நாலு. ஒன்றின் மேல் பிளக் மூன்றின் கீழே போகும். இப்படி எட்டும் இடம் மாறும்.

இதை நான் முதலில் வாய்விட்டு விளக்கியது எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறவர், கான்ட்ராக்ட் ஆள். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அப்ப இதுங்களுக்கும் ஷிப்ட் ரொட்டேஷன் கீதுன்னு சொல்லு."

"அதேதான்கா."

"ஒருத்தியே நைட்டு பாத்துக்கினு இருந்தா செத்துப்பூடுவா. இன்ஜினுக்குத் தெரியுது, எங்க கான்ட்ராக்ட்காரனுக்குத் தெர்ல."

அக்காவுக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. முன்பு இருந்த கம்பெனியில் மூன்று மாடி, வாளியோடு ஏறி இறங்க வேண்டும். எங்கள் ஷெட்டில் படியே கிடையாது. "இந்த வேலை போச்சுன்னா அடுத்தது மாடிதான், மாடின்னா எனக்கு வூடுதான்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டில் ஆளை மாற்ற ஒரு போன் போதும் என்பது இந்தச் சாலையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

அன்று ஆயுத பூஜைக்கு முதல் நாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் கம்பெனிப் பூஜை எல்லாருக்கும் பொது, பொரி பொட்டலம் கட்டுவது வருடா வருடம் என் பொறுப்பு. எங்கள் ஷெட்டில் பூஜைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு உள்ளே இன்ஜின். அங்கே பூ, அரிசி, குங்குமம் எதுவும் வரக்கூடாது. ஒரு பூ நார் உள்ளே விழுந்தாலும் வம்பு. கோட்டுக்கு வெளியே மேஜை போட்டு, ஸ்பேனர், முறுக்கு அளக்கும் டார்க் ரெஞ்ச், பழைய பிஸ்டன் ஒன்று என்று அடுக்கிச் சந்தனம் வைப்போம்.

காலையில் ஒரு இன்ஜினில் எட்டு பிளக்கையும் கழற்றி, துளை போட்ட அலுமினியத் தட்டில் நிறுத்தினேன். மேல் வரிசையில் மேல் பிளக்குகள், கீழ் வரிசையில் கீழ் பிளக்குகள், ஒன்றிலிருந்து நாலு வரை. தட்டில் மார்க்கரால் எழுதியிருந்த எண்கள் தின்னர் பட்டு எப்போதோ அழிந்துவிட்டன. கைப்பிடி என் பக்கம் இருந்தால் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் நாலு. கை பழகிவிட்டது, எண்ணைத் திரும்ப எழுதவேயில்லை.

கழற்றின பிளக்கை உடனே துடைக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கார்டில் எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் சுத்தம். கையெழுத்துப் போடும் எங்கள் இன்ஜினியர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் சொல்வார்: "பிளக்குன்னா சிலிண்டருக்க நாக்காக்கும். டாக்டர் நாக்க நீட்டச் சொல்லுதாருல்லா? நீட்டுறதுக்கு முந்தி கழுவிட்டு வந்தா அவரு என்னத்தப் பாப்பாரு?"

அன்று பார்த்தேன். வலது ஓரத்தில் இரண்டு பிளக்கும், மேலேயும் கீழேயும், கன்னங்கரேலென்று எண்ணெயில் முழுகி இருந்தன. கீழ் பிளக்கில் கொஞ்சம் எண்ணெய் என்றால் சகஜம். மேல் பிளக்கிலும் என்றால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ சரியில்லை. பேனாவை எடுத்தேன். கேட்டிலிருந்து போன். பொரி மூட்டை வந்துவிட்டது, வண்டிக்காரன் நிற்கமாட்டானாம், நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகும்போது, மேஜை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்: "மேஜை மேல இருக்கறது எல்லாம் பளபளன்னு இருக்கணும்கா. சாமி கும்புடற இடம்."

நான் சொன்னது பூஜை மேஜையை. என் மேஜை அதற்கு இரண்டு முழம் தள்ளி, கோட்டுக்கு உள்ளே இருந்தது.

மூட்டையை இறக்கி, பொட்டலத்துக்குக் காகிதம் தேடி, திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பூஜை மேஜையில் வாழை இலை. இலை மேல் எட்டு பிளக்கும் வரிசையாகப் படுத்திருந்தன. பித்தளைக் குத்துவிளக்குக்குத் துலக்கினது போல மின்னிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"எப்டி கீது?" என்றார் அக்கா.

நான் ஒரு பிளக்கை எடுத்து முகர்ந்தேன். "எதுல துடைச்சீங்க?"

"தின்னர்லதான். பழைய டூத் பிரஷ் போட்டு உள்ளகூட நோண்டி வுட்டேன்."

"ரெண்டு ரொம்ப கருப்பா இருந்துச்சே..."

"ஆங், அந்த ரெண்டுதான் என்னை சாவடிச்சிடுச்சு. இப்ப அது எதுன்னு கண்டுபுடி பாக்கலாம்!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டும் கழுவப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது ஓரம் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அன்று என் மேஜையில் பூஜைக்கு எடுத்து வைத்த ஸ்பேனர், ரெஞ்ச் நெருக்கடி. கைப்பிடி என் பக்கம் இருந்ததா, எதிர்ப்பக்கம் இருந்ததா? என் பக்கம் என்றால் நாலாவது சிலிண்டர். எதிர்ப்பக்கம் என்றால் முதலாவது. என் பக்கம்தான் என்று மனசு சொன்னது. எத்தனை தரம் கண்ணை மூடிப் பார்த்தாலும் பிளக் தெரிந்ததே தவிர கைப்பிடி தெரியவில்லை.

நாலு என்று எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. சுத்தம் செய்தது நான்தான் என்று ஆகிவிடும். அக்கா பெயரே வராது. நாலைத் திறந்து பார்ப்பார்கள். நாலில் கோளாறு இருந்தால் சரி. இல்லையென்றால்? எங்கிருந்தோ எண்ணெய் ஒழுகியிருக்கும் என்று மூடிவிடுவார்கள். முதல் சிலிண்டர் அப்படியே பெட்டியில் ஏறிப் போய்விடும். இன்ஜினைத் திருப்பி வாங்குகிற விமானப் பயிற்சிப் பள்ளியில் முதன்முதலாகத் தனியாக ஏறப்போகும் யாரோ ஒரு பிள்ளை அதை நம்பி ஏறும். பேனா மூடியைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன். இன்ஜினியர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"கார்டு முடிஞ்சாம்மா?"

"இல்ல சார். ரெண்டு பிளக் எண்ணெய், ஒரே சிலிண்டர், மேலயும் கீழயும். எந்த சிலிண்டர்னு தெரியலை."

"தெரியலையா? தட்டு எங்க?"

நான் வாழை இலையைக் காட்டினேன். அவர் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு பிளக்கை எடுத்துக் கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்தார். வேறொன்றை எடுத்து உள்ளே பார்த்தார். அதை இலையிலேயே திருப்பி வைத்தார். பிறகு, "நல்லா வெளுத்திருக்கு" என்றார். அந்தக் குரலுக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எழுதறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிட்டேன் சார். நாலாவதுன்னு தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

"தோணுது."

"அப்போ எல்லாத்தையும் கேமரா விட்டுப் பாக்கணும். லீவுக்குப் பொறவுதான் முடியும். பிளையிங் ஸ்கூலுக்கு போன் பண்ணி லேட்டுன்னு சொல்லிருங்க." இரண்டடி போய்த் திரும்பினார். "ரிப்போர்ட்டும் எழுதணும், கேட்டியளா."

ரிப்போர்ட் என்ற வார்த்தை ஷெட்டில் நடந்து போவதில்லை, ஓடும். கால் மணி நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டின் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர், காதில் எப்போதும் போன்.

"சார், ஆளை மாத்திடறேன். பூஜை முடிஞ்சதும் புது ஆளு உள்ள இருக்கும், நீங்க டென்ஷனே ஆவாதீங்க" என்றார்.

அக்கா மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது.

"அவங்களை ஏன் மாத்தணும்?" என்றேன். "மேஜை மேல இருக்கறதெல்லாம் துடைங்கன்னு சொன்னது நான். எந்த மேஜைன்னு சொல்லலை. எழுதாம விட்டுட்டுப் போனதும் நான். தட்டுல நம்பர் அழிஞ்சு கிடந்ததும் என் தட்டுதான்."

சூப்பர்வைசர் என்னைத் தள்ளிக் கூப்பிட்டார். "மேடம், உங்களுக்கு ஏன் தலைவலி? ஹவுஸ்கீப்பிங் மிஸ்டேக்குன்னு ஒரு லைன் போட்டா மேட்டர் ஓவர். உங்க பேர்ல ஒண்ணும் வராது. எனக்கும் ஆள் மாத்தறது டெய்லி வேலை."

நல்ல மனுஷன்தான். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நான் ரிப்போர்ட் தாளை வாங்கி, நின்றபடியே, நடந்ததை நடந்தபடி எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என் ஸ்டாம்ப் எண்ணைப் போட்டேன். இன்ஜினியர் படித்துப் பார்த்தார்.

"இப்பிடி எழுதினா ஸ்டாம்ப மூணு மாசத்துக்கு உள்ள வைக்கணும்மா. அதாக்கும் ரூல்."

"தெரியும் சார்."

ஸ்டாம்பை மேஜையில் வைத்தேன். அவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "ஆள மாத்தாண்டாம். ஆனா இனி மஞ்சக் கோட்டுக்கு உள்ள ஹவுஸ்கீப்பிங் வேண்டாம், எங்க மேஜைய நாங்களே தொடச்சுக்கிடுதோம்" என்றார். சூப்பர்வைசர், மாதக் கடைசியில் அடுத்த மாத ஆள் பட்டியல் போடும்போது பார்க்கிறேன் என்று இழுத்தாற்போலச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

பூஜை நடந்தது. பொரி கொடுத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். அக்கா தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினார்.

லீவு முடிந்து வந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தோம். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். மூன்று சுத்தம். நாலாவதில் எண்ணெய் குளமாக நின்றது. கழற்றிப் பார்த்தால், பிஸ்டனைச் சுற்றி இருந்து எண்ணெயை வழிக்கிற வளையம் இரண்டு துண்டு.

"ஒங்களுக்குத் தோணினது சரிதான்" என்றார் இன்ஜினியர்.

நான் அந்த இரண்டு துண்டையும் துணியில் வைத்தேன். முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"சரியாப் போச்சுங்கதுக்காக ஸ்டாம்ப திருப்பித் தர முடியாது, பாத்துக்கிடுங்க. தப்பாப் போயிருந்தாலும் ஒங்களுக்கு அன்னிக்கு இதே மாதிரிதான் தோணியிருக்கும்."

அது உண்மை. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பிளக்குகளை அவரே உட்கார்ந்து முனைத் தேய்மானத்தைப் பார்த்து இரண்டு கூட்டமாகப் பிரித்தார், நடு முனை தேய்ந்தவை நாலு, ஓர முனை தேய்ந்தவை நாலு. இதை வைத்து ஓரளவு இடம் மாற்றிவிடலாம் என்றார். ஒன்றின் உட்குழிவில் மட்டும் குங்குமம் இறங்கியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புதுசு எடுக்கச் சொன்னார்.

அக்கா என்னிடம் பேசியது அதற்கு மறுநாள், கேன்டீன் கை கழுவும் இடத்தில். நான் நன்றி எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"நாலுதானாமே?" என்றார்.

"ஆமாங்கா."

"உனக்கு அப்பவே தெரியுந்தானே? கம்முனு நாலுன்னு எழுதிக்கினு போயிருந்தா அந்த பைக்கு பையன் வந்திருப்பானா? என் பேரு யார் வாயிலயாவது வந்திருக்குமா?"

"தெரியாதுக்கா. தோணுச்சு, அவ்ளோதான்."

"உனக்கு ஸ்டாம்பு போச்சு, மூணு மாசத்துல வரும். எனக்குப் போனா எது வரும்? நீ நல்லவளா இருக்கறதுக்கு என் மூட்டுதான் கெடைச்சுதா?"

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லியிருக்கலாம், முதல் சிலிண்டராக இருந்திருந்தால் என்று ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அது முதல் சிலிண்டர் இல்லை. அவர் கணக்கில் நான் சொன்னதால் ஆபத்து வந்தது, நான் சொன்னதாலேயே போகவும் செய்தது, வராமலே இருந்திருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதற்காக நான் நாலு என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இரண்டும் அப்படியே கிடக்கின்றன.

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. கேட்டில் ஒட்டியிருந்ததை நானே முதலில் போய்ப் பார்த்தேன். அக்கா பெயர் இருந்தது. நான் உள்ளே வந்து சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பார்த்துவிட்டார் என்பது, மாப்பைப் பிழிகிற சத்தத்திலேயே தெரிந்தது.

அடுத்த இன்ஜின் வந்தபோது நான் பிளக் கழற்ற, நான் நேற்று வேலைக்குச் சேர்ந்தவள் என்பது போல எனக்குப் பக்கத்தில் இன்னொரு டெக்னீஷியன் கை கட்டி நின்று பார்த்தார். புதுத் தட்டு. எண்களை இந்தத் தடவை வெட்டுளியால் கொத்தியிருந்தேன். எட்டையும் நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தபோது, மஞ்சள் கோட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு எது எண்ணெய்?"

திரும்பிப் பார்த்தேன். அக்கா மாப்பின் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றிருந்தார். கால் விரல் கோட்டைத் தொடவில்லை.

"இருங்க, எழுதிட்டுச் சொல்றேன்."

"எழுது எழுது, யாரு வேணாம்னா."

எழுதினேன். பக்கத்தில் நின்றவர் படித்துப் பார்த்துத் தன் ஸ்டாம்பைக் குத்தினார்.

"மூணுக்கா. கீழது."

"மேல?"

"மேல சுத்தம்."

"அப்ப பரவால்ல, சகஜந்தான்" என்று சொல்லிவிட்டு, மாப்பை இழுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்.